பதில் வந்திருந்தது, எனக்குத்தான் வந்து சேரல: மெயிலிங் லிஸ்ட்டின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு பழைய டெக்னாலஜி பத்தி. ஆனா முதல்ல என் சொந்தக் கதை கொஞ்சம்.

காலேஜ் மூணாவது வருஷம். ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல சின்னதா ஒரு பக் கண்டுபிடிச்சேன். அவங்க எல்லாத்தையும் மெயிலிங் லிஸ்ட்லதான் பேசுவாங்க. நானும் சப்ஸ்கிரைப் பண்ணி, ரெண்டு வாரம் மத்தவங்க பேசுறதை வேடிக்கை பார்த்துட்டு, பயந்து பயந்து என் பேட்ச்சை அனுப்பினேன். மூணு நாள் ஆச்சு, ஒரு வாரம் ஆச்சு, பதிலே இல்ல. 'நம்ம இங்கிலீஷைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க' என்று நானே முடிவு பண்ணிக்கிட்டேன். லிஸ்ட் மெயில் எல்லாம் தனி ஃபோல்டருக்குப் போற மாதிரி ஃபில்டர் போட்டிருந்தேன். வெட்கத்துல அந்த ஃபோல்டரை அதுக்கப்புறம் திறக்கவே இல்ல.

இந்தக் கதையோட மீதி கடைசியில. ஏன் அப்படி நடந்ததுன்னு புரியணும்னா வரலாறு கொஞ்சம் தெரியணும்.

ஆள் கையால் ஓடிய லிஸ்ட்

1975-ல் அர்ப்பாநெட்டில் 'எம்எஸ்ஜி குரூப்' என்று ஒரு லிஸ்ட் தொடங்கியது. மின்னஞ்சல் எப்படி இருக்கணும் என்று மின்னஞ்சலிலேயே விவாதிக்கிற லிஸ்ட். அதைக் கவனித்துக்கொண்டவர் ஐனர் ஸ்டெஃபருட். சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது. வருகிற கடிதங்களை அவரே எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். புதுசா ஒருத்தர் சேரணும்னா அவர்தான் பெயரைச் சேர்க்கணும்.

1981-ல் ஐரா ஃபுக்ஸும் கிரேடன் ஃப்ரீமனும் நியூயார்க் சிட்டி பல்கலைக்கழகத்தையும் யேல் பல்கலைக்கழகத்தையும் இணைத்து பிட்நெட்டைத் தொடங்கினார்கள். ஐபிஎம் மெயின்ஃப்ரேம் வைத்திருந்த பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. அங்கே உருவான லிஸ்ட் சேவைக்குப் பெயர் 'லிஸ்ட்சர்வ்'. ஆங்கிலத்தில் 'சர்வர்' என்று முடியவேண்டிய சொல் ஏன் பாதியில் நிற்குது? அந்த ஐபிஎம் சிஸ்டத்தில் ஒரு பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. அவ்வளவுதான் காரணம்!

ஆனால் அங்கேயும் சந்தாவை ஓர் ஆள்தான் பதிவு செய்யணும். அவர் லீவுன்னா நீங்க வெயிட்டிங். 1986-ல் பாரிஸில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எரிக் தாமஸ் என்ற மாணவர் லிஸ்ட்சர்வை புதுசா எழுதினார். 'சப்ஸ்கிரைப்', அடுத்து லிஸ்ட் பெயர், அடுத்து உங்கள் பெயர். இந்த ஒரு வரியை அனுப்பினால் போதும், மெஷினே சேர்த்துக்கொள்ளும்.

இன்னொரு சிக்கலையும் அவர் தீர்த்தார். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவில் இருக்கிற நூறு பேருக்கு ஒரு கடிதம் போகணும்னா, கடலைத் தாண்டி நூறு பிரதிகள் போயிட்டு இருந்துச்சு. அன்றைய லைன்களின் வேகமோ விநாடிக்கு 9,600 பிட். லிஸ்ட்சர்வ் ஒரே பிரதியை அக்கரைக்கு அனுப்பி, அங்கே போய்ப் பிரித்துக் கொடுத்தது. ஊருக்கு ஒரே தபால் பை அனுப்பி, உள்ளூர்த் தபால்காரர் வீடு வீடாகப் போடுற மாதிரி.

ரெண்டு முகவரிக் குழப்பம்

மெஷின் வந்ததும் புதுக் காமெடியும் வந்தது. லிஸ்ட்டுக்கு ரெண்டு முகவரி உண்டு. ஒன்று எல்லோருக்கும் போவது. இன்னொன்று மெஷினுக்குக் கட்டளை போவது. ஒருத்தர் விலகணும்னு நினைத்து, கட்டளையை முதல் முகவரிக்கு அனுப்பிவிடுவார். ஆயிரம் பேர் இன்பாக்ஸில் 'அன்சப்ஸ்கிரைப்' என்று ஒற்றை வார்த்தை வந்து விழும். 'இங்க அனுப்பாதீங்க சார்' என்று ஐம்பது பேர் பதில் போடுவார்கள், அதுவும் ஆயிரம் பேருக்கும் போகும்.

அப்புறம், வேண்டாதவர் முகவரியை நூறு லிஸ்ட்டில் சேர்த்துவிடுகிற விஷமிகள் கிளம்பினார்கள். 'சேரக் கேட்டது நீங்கதானா?' என்று கேட்கிற கன்ஃபர்மேஷன் மெயில் அதற்கான தடுப்புதான்.

தமிழும் லிஸ்ட்டும்

நம்ம ஆட்களுக்கு இதில் இன்னொரு அடுக்கு கஷ்டம். 1982-ல் வகுத்த மின்னஞ்சல் விதி ஏழு பிட் எழுத்துகளுக்கானது. ஆங்கிலத்துக்கு அது போதும். 90-களின் தமிழ் ஃபான்ட்கள் எட்டாவது பிட்டையும் பயன்படுத்தின. வழியில் ஏதோ ஒரு சர்வர் அந்த பிட்டைக் கழற்றிவிட்டால் கடிதம் குப்பைதான். முழுசா வந்தாலும், அதே ஃபான்ட் உங்ககிட்ட இல்லைன்னா திரையில் ஏதேதோ ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரியும்.

இந்தச் சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் எங்கே பேசினார்கள் தெரியுமா? மின்னஞ்சல் குழுவில்தான்! தமிழ்.நெட்டைச் சுற்றி நடந்த அந்த விவாதங்களில் உருவானதுதான் 'டிஸ்கி' என்ற குறியீட்டு முறை. பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டமும் அந்தச் சூழலில் பிறந்ததே. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் திட்டத்தை வழிநடத்தியவர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காதவர்கள் சேர்ந்து செய்த வேலை இது.

2014: நம்பிக்கை உடைந்த மாதம்

லிஸ்ட் அடிப்படையில் என்ன செய்யுது? நீங்க எழுதியதை, உங்க பெயரிலேயே, தன் சர்வரிலிருந்து மற்றவர்களுக்கு அனுப்புது. தலைப்பில் லிஸ்ட் பெயரைச் சேர்க்கும், அடியில் ரெண்டு வரி ஒட்டும். மோசடி மெயில் அனுப்புகிறவரும் வெளியிலிருந்து பார்த்தால் இதையேதான் செய்கிறார்: அடுத்தவர் பெயர், வேறு சர்வர்.

2014 ஏப்ரலில் யாஹூ தன் 'டிமார்க்' கொள்கையைக் கடுமையாக்கியது. எங்கள் முகவரி போட்டு வந்து, எங்கள் சர்வரிலிருந்தும் வராமல், எங்கள் டிஜிட்டல் கையெழுத்தும் சரியாக இல்லாவிட்டால், அந்த மெயிலை நிராகரியுங்கள் என்று உலகத்துக்கு அறிவித்தது. அதே மாதம் ஏஓஎல்லும் அப்படியே செய்தது. திருடுபோன அட்ரஸ் புக்குகளை வைத்து நடந்த மோசடியைத் தடுக்கத்தான் இது. ஆனால் லிஸ்ட்டுகள் நொறுங்கின.

விபரீதத்தைக் கவனிங்க. யாஹூக்காரர் ஒருவர் லிஸ்ட்டுக்கு எழுதுகிறார். மற்றவர்களின் சர்வர்கள் அதை நிராகரிக்கின்றன. லிஸ்ட் மென்பொருள் என்ன நினைக்கும்? 'இவங்க முகவரியெல்லாம் செத்துப்போச்சு போல' என்று. பரவலாக இருக்கிற 'மெயில்மேன்' மென்பொருளின் இயல்பான அமைப்பில், மெயில் திரும்பிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. ஐந்து புள்ளி சேர்ந்தால் டெலிவரி நிறுத்தம். எழுதியவருக்கு ஒன்றும் ஆகாது, சும்மா படிச்சுட்டு இருந்தவருக்குத்தான் தண்டனை! அனுப்புநர் முகவரியை லிஸ்ட்டின் முகவரியாக மாற்றி அனுப்புகிற வழியை மெயில்மேன் கொடுத்துவிட்டது. ஆனால் லிஸ்ட் நடத்துகிறவர் அப்டேட் பண்ணணுமே?

மீதிக் கதை

இப்போ புரிஞ்சிருக்கும். என் லிஸ்ட் அப்டேட் ஆகாத லிஸ்ட். கடுமையான கொள்கை உள்ள முகவரியிலிருந்து எழுதுகிற சிலர் அதில் இருந்தார்கள். நான் பேட்ச் அனுப்பிய அதே வாரம் என் ஐந்தாவது புள்ளி விழுந்திருக்கு. எச்சரிக்கை மெயில்கள்கூட ஒழுங்கா வந்தன, நான் திறக்காத அந்த ஃபோல்டருக்குள்.

ஒன்றரை வருஷம் கழித்து, வேலையில் வேற எதையோ தேடும்போது லிஸ்ட்டின் ஆர்க்கைவ் கண்ணில் பட்டுச்சு. என் மெயிலுக்குக் கீழே, மறுநாள் தேதியில், பதில். பேட்ச்சை வரி வரியாகப் படித்து, ரெண்டு இடத்தில் திருத்தம் சொல்லி, 'மாற்றி அனுப்புங்க, சேர்த்துக்கறோம்' என்று ஒருத்தர் எழுதியிருந்தார். பத்து நாள் கழித்து, 'நேரம் இல்லைன்னா நானே திருத்திக்கட்டுமா?' என்று திரும்பவும் கேட்டிருந்தார். அதுக்கும் அடுத்த வாரம் அவரே திருத்தி, என் பெயரைப் போட்டுச் சேர்த்துட்டார். ஒன்றரை வருஷமா நான் அவரைத் திமிர் பிடித்தவர்னு நினைச்சுட்டு இருந்தேன். அவர் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பார்?

அன்னைக்கே தனி மெயிலில் மன்னிப்பும் நன்றியும் சொன்னேன். 'இந்த லிஸ்ட்ல இது சகஜம்' என்று ஒரே வரியில் பதில் போட்டார்.

அதனால மக்களே, லிஸ்ட் மெயில் நின்னுபோச்சுன்னா முதல்ல ஆர்க்கைவைப் பாருங்க. அங்கே புது மெயில் இருந்தால் பிரச்சினை டெலிவரியில்தான். ஸ்பேம் ஃபோல்டர், நீங்க போட்ட ஃபில்டர், எந்த முகவரியில் சேர்ந்தீங்க என்பது, சந்தா பக்கத்தில் டெலிவரி ஆனில் இருக்கா என்பது, இதே வரிசையில் பாருங்க. அதுவும் சரியா இருந்தா லிஸ்ட் நடத்துகிறவருக்கு எழுதுங்க, பெரும்பாலும் மனுஷர்தான் படிப்பார்.

பதில் வரலைன்னா உங்களை மதிக்கலைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, இதையெல்லாம் ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.