குடும்பத்தோட பாக்கலாமா?

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு பேச்சு செத்துப்போய்விட்டது. வடக்கே தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வழியாக இராமேசுவரம் வரையிலும், தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரையிலும் அது உயிரோடு இருந்தது. புதுப்படம் பார்த்துவிட்டு வந்தவரை வாசலில் நிறுத்தியும், குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டும், மீன் ஏலம் முடிந்த கையோடும் பெண்கள் கேட்ட கேள்வி அது: "குடும்பத்தோட பாக்கலாமா?" பதில் இரண்டு வரியில் வரும், மிஞ்சினால் மூன்று. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத ஒன்று போகும்போது சாவு அறிவிப்பும் வருவதில்லை. அதனால்தான் இந்த இரங்கல்.

அந்தப் பேச்சைப் பெற்றெடுத்தது தூரம். அந்தக் காலத்தில் ஒரு படம் எல்லா ஊரிலும் ஒரே நாளில் வெளியாகாது. படச்சுருளின் பிரதிகள் குறைவு. முதலில் மதுரை போன்ற பெருநகரம், அடுத்து பரமக்குடி, இராமநாதபுரம் போன்ற ஊர்கள், அதற்கும் பிறகு கடலோரத்து டூரிங் டாக்கீஸ் என்று அது படிப்படியாக இறங்கிவரும். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று விநியோகஸ்தர்கள் பிரித்து வைத்திருந்ததில் எங்கள் கரை கடைசிப் படி. தீவுக்காரர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. பாம்பனில் ரயில் பாலம் 1914இல் வந்தது. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அதுவரை இராமேசுவரத்துக் குடும்பம் இராமநாதபுரத்தில் ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போக வேண்டும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். திரும்புகிற வண்டி எப்போது என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் வலையில் வந்த காசு அப்படியே போய்விடும். அத்தனை செலவழித்துப் போய் உட்கார்ந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி ஆகிவிடக் கூடாது. ஆகவே கேட்டுக்கொண்டு போனார்கள்.

பதில் கொண்டுவந்தவர்களும் அந்தத் தூரத்தைக் கடந்து வந்தவர்களே. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனவர்கள், கல்லூரியில் படித்த பையன்கள், கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த கீழக்கரை வியாபாரிகள் எல்லாரும் ஊருக்குப் படத்தின் சேதி கொண்டுவந்தார்கள். இலங்கை வானொலி எங்கள் கரையில் உள்ளூர் வானொலி போலத் தெளிவாகக் கேட்கும். அதன் அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் குரலில் படங்களின் அறிமுகம் அனல் பறக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடத் தோன்றும். ஆனாலும் அது விற்கிறவர் குரல் என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும். வாங்கிப் பார்த்தவர் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தக் குரலுக்கென்று ஒரு சொல்வளம் இருந்தது. சாமி படம், அழுகாச்சிப் படம், சண்டைப் படம், பேய்ப் படம் என்று முதலில் இனம் பிரிக்கும். பிறகு மதிப்புச் சொல்லும்: "காசு குடுத்துப் பாக்கலாம்", "ஒரு தடவ பாக்கலாம்", "டூரிங் டாக்கீசுக்கு வரட்டும், பாத்துக்கலாம்." கடைசியில்தான் முக்கியமான பகுதி: யார் போகலாம், யார் போகக் கூடாது, போனால் எப்படிப் பார்ப்பது. டூரிங் டாக்கீசில் பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர். சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளைகூட வரும். அந்த இடைவேளைகளை வைத்தே வழி சொல்வார்கள். "ரெண்டாவது தடவ லைட்டு போட்டதும் சின்னவன முறுக்கு வாங்கக் கூட்டிட்டுப் போயிரு மதினி. கொஞ்ச நேரம் கழிச்சு வந்தாப் போதும்." பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி, நடுவில் இடுப்பளவு தடுப்பு. மணலில் உட்கார்ந்து பார்க்கும் தாய்க்குப் பிள்ளையை எப்போது எழுப்பிக்கொண்டு போக வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கும். அம்மன் படமென்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: "உங்க அத்தைக்கு அருள் வரும்ல, ஓரமா உக்கார வையி."

இப்படிச் சொன்னவர்களுக்குச் சினிமா இலக்கணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கேட்டவரின் வீடு. நான் இழப்பு என்று நினைப்பது அந்த அறிவைத்தான்.

'படகோட்டி' 1964 தீபாவளிக்கு வெளியானது. எம்.ஜி.ஆர். நடித்த, மீனவர் வாழ்வைச் சொன்ன வண்ணப்படம். அடுத்த மாதம், டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது; பயணிகளோடு ரயிலையும் கொண்டுபோனது. நல்ல படம், பாட்டெல்லாம் தேன், எல்லாரும் பார்க்கலாம் என்பது ஊருக்குச் சொல்லக்கூடிய பதில். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு அதே பதிலைச் சொல்ல முடியுமா? கடலில் போனவன் திரும்புவானா என்று கரை காத்திருப்பதைப் பாடும் படத்துக்கு எந்த வயதுக் குறியீடு போடுவது? பக்கத்து வீட்டுக்காரிக்கு இதற்குப் பதில் தெரியும். "இந்த வருசம் வேணாம்" என்பாள். காரணம் சொல்ல மாட்டாள். கேட்டவளும் கேட்க மாட்டாள்.

'துலாபாரம்' 1969இல் வந்தது. வறுமை தாங்காமல் பெற்ற பிள்ளைகளுக்கே விஷம் கொடுக்கும் தாயின் கதை. அதில் ஆபாசம் துளியும் இல்லை. ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டுப் பெண் அதைத் தனியாகப் போய்ப் பார்க்கக் கூடாது என்று அறிந்தவள் தோழி. 1994 பொங்கலுக்கு வந்த 'மகாநதி'யில் நடித்தவர் எங்கள் மாவட்டத்துப் பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன். சிறைக்குப் போன தகப்பன், வெளியே வந்து, கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியில் மகளைக் கண்டெடுக்கிறான். தமிழில் வந்த சிறந்த படங்களில் ஒன்று. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்த இரவு தூங்க முடியாது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: "அருமையான படம். ஆனா நீயும் அண்ணனும் மட்டும் போங்க."

மண்டபம் அகதிகள் முகாமுக்கு 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து படகு படகாக மக்கள் வந்து இறங்கினார்கள். இராமேசுவரத்துக்குப் படகேறி வந்து, பிள்ளையைப் பெற்று, விட்டுவிட்டுத் திரும்பிப்போகும் ஈழப் பெண்ணின் கதையான 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002இல் வெளியாகி ஆறு தேசிய விருதுகள் வாங்கியது. ஊருக்கெல்லாம் அது கண்ணீர் மல்கப் பார்க்க வேண்டிய குடும்பப் படம். குண்டுச் சத்தத்திலிருந்து தப்பி வந்த ஒருத்திக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் சொல்ல, அவளோடு சேர்ந்து தண்ணீர் பிடித்த ஒருத்திதான் வேண்டும்.

நாளும் கிழமையும் பார்த்துச் சொல்வார்கள். தங்கச்சிமடத்துக் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்தில் சினிமா இல்லை. ஈஸ்டர் கழியட்டும் என்பார்கள். கீழக்கரையில் நோன்பு மாதம் முழுக்கக் கேள்வியே எழாது. "பெருநாள் முடிஞ்சு பாத்துக்கலாம் லாத்தா, அதுவரைக்கும் ஓடும்" என்று பதில் தயாராக இருக்கும். மாலை போட்ட வீட்டுக்கும், சாவு விழுந்து வருசம் திரும்பாத வீட்டுக்கும் சொல்லாமலே விலக்கு. மூன்று மதத்து மக்களும் ஒருவர் வீட்டு ஒழுங்கை இன்னொருவர் அறிந்து படம் சொன்ன ஊர்கள் இவை.

அரசு கொடுக்கும் சான்றிதழ் இதற்கு ஈடாக முடியாது. தொடக்கத்தில் யூ, ஏ என்று இரண்டு தரம்தான் இருந்தன. 1983இல் யூஏ வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் துணை தேவை என்று பொருள். 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, யூஏ என்பது 7, 13, 16 என்று மூன்று வயதுகளாகப் பிரிந்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், வேண்டியதுதான். ஆனால் சான்றிதழ் நாடு முழுவதற்கும் ஒரே அளவில் தைத்த சட்டை. 1951இல் வந்த 'மர்மயோகி'க்குப் பேய்க் காட்சிகளைக் காரணம் காட்டி ஏ சான்றிதழ் கொடுத்தார்கள். வயதைத்தான் தணிக்கை பார்க்க முடியும். வீட்டைப் பார்க்க முடியாது.

பத்திரிகை விமர்சனம் வேறு வேலை செய்தது. ஆனந்த விகடன் மதிப்பெண் போட்டது. '16 வயதினிலே' படத்துக்கு 62.5 கொடுத்தது இன்றும் பேசப்படுகிறது. அது படத்தின் தரத்தைச் சொன்னது. உன் மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று சொல்வது விகடனின் பொறுப்பாக இருக்கவில்லை. அந்தப் பொறுப்பைப் பக்கத்து வீடு எடுத்துக்கொண்டது. "தாய்க்குலத்தின் பேராதரவுடன்" என்று சுவரொட்டியில் அச்சடித்தவர்களுக்கு அந்த ஆதரவு எங்கே தீர்மானமாகிறது என்று தெரிந்தே இருந்தது.

இறந்ததைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் அது உண்மையாகாது. அந்தப் பேச்சு வேலியாகவும் நின்றது. சாதி மாறிக் காதலிக்கும் படமென்றால் "வயசுப் புள்ளைகளுக்கு வேணாம்" என்ற தீர்ப்பு சட்டென்று வந்துவிடும். புருஷனை எதிர்த்துப் பேசும் பெண்ணைக் காட்டிய படத்துக்கும் அதே கதி. எந்தப் படத்துக்குப் போகலாம் என்று பெண்கள் மட்டுமே அனுமதி கேட்டார்கள், ஆண்கள் கேட்டதில்லை. பார்த்திருக்க வேண்டிய எத்தனையோ படங்களை எங்கள் பெண்கள் பார்க்காமலே போனார்கள். அந்தக் குற்றத்தை மறைத்து மாலை போட நான் வரவில்லை. ஆனாலும் அந்த வேலிக்குள் அக்கறை இருந்தது. இன்று வேலியும் அக்கறையும் சேர்ந்தே போய்விட்டன.

அதன் சாவு ஒரே நாளில் நிகழவில்லை. முதலில் டெக்கும் கேசட்டும் வந்தன. படம் வீட்டுக்குள் நுழைந்தது. 1990களில் இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. கேபிள் வந்தது. அப்போதும் ஒரு பெட்டி முன்னால் ஒரு குடும்பம் இருந்தது. கேள்விக்கு இன்னும் இடம் இருந்தது. கைப்பேசி வந்த பிறகு பெட்டியும் ஆளுக்கு ஒன்றாகிவிட்டது. மகன் ஒரு மூலையில், மகள் ஒரு மூலையில், கடலுக்குப் போன அப்பா படகில். குடும்பத்தோடு பார்ப்பது நின்றதும், குடும்பத்தோடு பார்க்கலாமா என்ற கேள்வியும் நின்றது.

2020 மே 29ஆம் தேதி, ஊரடங்கின் நடுவே, 'பொன்மகள் வந்தாள்' திரையரங்கைத் தொடாமல் நேராக வீட்டுத் திரைக்கு வந்தது. முன்னணி நட்சத்திரம் நடித்த தமிழ்ப் படம் அப்படி வந்தது அதுவே முதல் முறை. பெயரைக் கேட்டால் மங்கலமான குடும்பப் படம் என்று தோன்றும். ஜோதிகா வழக்கறிஞராக நடித்த அந்தப் படம் பேசியது சிறுமிகள் கடத்தப்பட்டுச் சிதைக்கப்பட்ட கொடுமையை. பேச வேண்டிய கதை. வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோர் உட்கார்ந்து பேச வேண்டிய கதையும்கூட. ஆனால் நள்ளிரவில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும் படத்தை நமக்கு முன்னால் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஒருவரும் இருப்பதில்லை. தூரம் செத்தது; தூரம் பெற்ற பிள்ளையும் அதோடு போனது.

இப்போதும் கருத்துக்குப் பஞ்சமில்லை. முதல் காட்சி முடிவதற்குள் ஆயிரம் பேர் பேசிவிடுகிறார்கள். 2021இல் வந்த விதிகளின்படி இணையப் படங்களுக்கும் வயதுக் குறியீடு உண்டு. திரையின் மூலையில் சில நொடி மின்னி மறைகிறது. முதல் பாதி வேகம், இரண்டாம் பாதி இழுவை என்று சொல்கிறவருக்கு நம் வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியாது. தப்பாகச் சொல்லிவிட்டால் மறுநாள் குழாயடியில் நம் முகத்தில் விழிக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. எங்கள் பழைய பேச்சை நேர்மையாக வைத்திருந்தது அந்தக் கட்டாயம்தான். ஒருமுறை தப்பாகச் சொன்னவளை ஊர் அடுத்த படத்துக்குக் கேட்காது.

போனது திரும்பாது என்று எழுதி முடிக்க எனக்கு மனமில்லை. டூரிங் டாக்கீஸ் திரும்பாது. ஒரே சுருளுக்காக ஊர்கள் காத்திருந்த காலமும் திரும்பாது. ஆனால் சொல்வதற்குத் தூரம் வேண்டியதில்லை. அறிந்த ஒரு வீடு இருந்தால் போதும். நீங்கள் இந்த வாரம் பார்த்த படத்தைப் பற்றி, அது யார் மனசை நோகடிக்கும், யாருக்கு ஆறுதல் தரும் என்று யோசித்து, தெரிந்த ஒருவருக்கு இரண்டு வரி சொல்லுங்கள். பிள்ளையை எந்த இடத்தில் வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெண்ணுக்கு மட்டும் சொல்லாமல் ஆணுக்கும் சொல்லுங்கள். உங்களிடம் யாராவது கேட்டால், இணைப்பை அனுப்பிவிட்டு ஒதுங்காமல், வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.