ஆற்றில் யாருக்கு முதல் வழி?

மிசிசிப்பி ஆற்றில் குடும்பத்தோடு வரும் சின்னப் படகும், 15 பார்ஜ்களைச் சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வரும் பெரிய படகும் ஒரே லாக்கின் முன் நிற்கின்றன. யாரை முதலில் விடுவது?

இந்த லாக் வீட்டுப் பூட்டு அல்ல நண்பர்களே! அணையை ஒட்டி, இரு பக்கமும் கதவு வைத்த ஒரு பெரிய தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். மேல் மிசிசிப்பியில் 9 அடி ஆழத்துக்கு வழி அமைக்க 1930-ல் சட்டம் வந்தது. அதன் பிறகே அங்கே பெரும்பாலான லாக்குகள் கட்டப்பட்டன.

அவற்றில் பலவற்றின் நீளம் 600 அடிதான். 15 பார்ஜ் வரிசையோ 1,100 அடியைத் தாண்டும். ஆகவே இரண்டாகப் பிரித்துத்தான் கடக்க வேண்டும். அதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

விதிப்படி சரக்குக்கே முன்னுரிமை, உல்லாசப் படகு கடைசி. ஆனால் மூன்று சரக்கு முறைக்கு மேல் அதைக் காக்க வைக்கக் கூடாது.

லாக்கைக் கடக்கக் கட்டணமும் இல்லை. மிசிசிப்பியில் சேரும் நீர்வழிகள் எல்லோருக்கும் பொதுப்பாதை, வரி கூடாது என்று 1787-லேயே வடமேற்கு நிலப்பகுதிக்கான சட்டம் சொல்லிவிட்டது. 1978-ல் வந்த இன்னொரு சட்டப்படி 1980 முதல் சரக்குப் படகுகள் எரிபொருள் வரி கட்டுகின்றன. உல்லாசப் படகுகளுக்கு அந்த வரி இல்லை.

வரி கட்டுபவர் முன்னால் போகட்டும், நியாயம்தான். ஆனால் கட்டாதவருக்கும் கதவு திறக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆறு யாருக்கும் விற்கப்படவில்லை!