சிவப்புக் காது ஆமை: வீட்டுத் தொட்டிக்கு வந்த வரலாறு

சிவப்புக் காது ஆமை வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் ஆமை. கண்ணுக்குப் பின்னால் தலையின் இருபுறமும் தெரியும் சிவப்புப் பட்டையால் இப்பெயர் பெற்றது. உலகில் பரவலாக வளர்க்கப்படும் செல்ல ஆமைகளில் முதன்மையானது. இந்தியாவின் மீன்தொட்டிக் கடைகளில், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, பச்சை நிறத்தில் நீந்திக்கொண்டிருக்கும் குஞ்சு பெரும்பாலும் இதுதான். அதை வாங்குபவர் பலருக்கும் அது அயல்நாட்டு உயிர் என்பதோ, உணவுத் தட்டு அளவுக்கு வளரும் என்பதோ தெரிவதில்லை.

பண்ணைகளும் நெகிழிக் கிண்ணமும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மலிவு விலைக் கடைகளில் ஆமைக் குஞ்சுகள் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டன. தேவை பெருகியதால் லூசியானா மாநிலத்தில் ஆமைப் பண்ணைகள் தோன்றின. குளங்களில் தாய் ஆமைகளை வளர்த்து, அவை கரையில் இடும் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்தார்கள்.

குஞ்சோடு சேர்த்து ஒரு நெகிழிக் கிண்ணமும் விற்கப்பட்டது. நடுவில் சிறு மேடு, அதன்மேல் ஒரு நெகிழிப் பனைமரம், சுற்றிலும் இரண்டு விரற்கடை தண்ணீர். உணவாகக் காய்ந்த பூச்சிகளும் 'எறும்பு முட்டை' என்ற பெயரில் ஒரு பொடியும் தரப்பட்டன. சில ஆமைகளின் ஓட்டில் பூக்களும் பெயர்களும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன. ஓடு ஆமையின் உடலோடு வளரும் உறுப்பு. வண்ணப் பூச்சு அந்த வளர்ச்சியைத் தடுத்து ஓட்டைக் கோணலாக்கியது.

அந்தக் கிண்ணத்தில் ஆமைக்கு வேண்டிய எதுவும் இல்லை. நீந்துவதற்கு ஆழம் இல்லை. உடலைச் சூடாக்கிக்கொள்ள வெயிலும் இல்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் ஆமையின் உடலில் டி வைட்டமின் உண்டாகி, சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேரும். அது கிடைக்காத குஞ்சின் ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஏ வைட்டமின் குறைந்தால் கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை இரையைத் தேடாது. நன்கு பேணினால் இருபது, முப்பது ஆண்டுகள் வாழக்கூடிய உயிர், பெரும்பாலும் சில மாதங்களிலேயே இறந்தது. விலை மலிவு என்பதால் இறந்ததற்குப் பதில் இன்னொன்று வாங்கப்பட்டது. கடைக்கு அதில் நட்டம் ஏதும் இல்லை.

நான்கு அங்குல விதி

இந்த வணிகத்தைத் தடுத்தது ஆமைகளின் சாவு அல்ல, குழந்தைகளின் நோய். ஆமைகளின் குடலில் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர் இயல்பாகவே இருக்கும். ஆமைக்கு அதனால் கேடில்லை. ஆமையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது காய்ச்சலையும் கடும் வயிற்றுப்போக்கையும் தரும். 1960களில் இத்தொடர்பு மெல்ல வெளிப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,80,000 பேர் ஆமைகளால் இந்நோய்க்கு ஆளானதாக மதிப்பிடப்பட்டது.

நுண்ணுயிர் இல்லை என்று சான்றளித்து விற்கும் முறை முதலில் முயலப்பட்டுத் தோற்றது. ஆமை இந்நுண்ணுயிரை எல்லா நாளும் வெளியேற்றுவதில்லை. சோதனையன்று தூய்மையாகத் தெரிந்த குஞ்சு, வாங்கியவர் வீட்டில் நோயைப் பரப்பியது. இறுதியாக 1975இல், ஓட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தடை விதித்தது. சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ள முடியாத அளவு என்பதே அந்த நான்கு அங்குலத்தின் காரணம். இதனால் ஆண்டுக்குச் சுமார் ஒரு இலட்சம் குழந்தைகள் நோயிலிருந்து தப்பியதாக நலத்துறையினர் கணக்கிட்டனர். விதியை மீறிய விற்பனை முற்றிலும் நிற்கவில்லை. 2007இல் புளோரிடாவில் பிறந்து நான்கு வாரமே ஆன குழந்தை ஒன்று ஆமைவழித் தொற்றால் இறந்தது.

ஏற்றுமதியும் குளங்களும்

ஏற்றுமதிக்கு இத்தடை பொருந்தவில்லை. உள்நாட்டில் விற்கத் தகாதது என்று முடிவான குஞ்சுகள் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் கப்பலேறின. இந்த வரலாற்றில் நெருடலான பகுதி இதுவே. 1989 முதல் 1997 வரை 5 கோடிக்கும் மேற்பட்டவை அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்டன. நிஞ்சா ஆமைகள் கேலிச்சித்திரத் தொடரும் திரைப்படமும் பரவிய ஆண்டுகளும் அவையே.

வளர்ந்த ஆமை தொட்டியில் அடங்காது, தண்ணீரை நாற்றமடையச் செய்யும், கடிக்கவும் செய்யும். இரக்கப்பட்டவர்கள் அதை அருகிலிருந்த குளத்தில் விட்டார்கள். அங்கே அது உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடங்களையும் பிடித்துக்கொண்டது. உலகின் மிகக் கேடான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இது இடம்பெற்றது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியைத் தடுத்தது. ஜப்பானில் 2023 ஜூன் 1 முதல் இறக்குமதி, விற்பனை, வெளியில் விடுதல் ஆகியவை தடை செய்யப்பட்டன. ஆனால் ஏற்கெனவே வீட்டில் உள்ளவற்றை வளர்க்க உரிமம் கேட்கப்படவில்லை. அப்படிக் கேட்டால் பலரும் ஒரே நேரத்தில் ஆமைகளைக் குளத்தில் விட்டுவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

இந்தியாவில்

நட்சத்திர ஆமை முதலிய உள்நாட்டு ஆமைகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகம் 2019இல் முற்றாகத் தடுக்கப்பட்டது. இச்சட்டம் நெடுங்காலம் அயல் இனங்களைத் தொடாததால், கடைக்காரர்கள் வெளிப்படையாக விற்கக்கூடிய ஆமையாகச் சிவப்புக் காது ஆமை அமைந்தது. வீட்டில் ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கை சிலரிடம் அதை வாங்கத் தூண்டியது. 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று சொல்லிவந்த தமிழ்நாட்டில், இந்தப் புது நம்பிக்கையோடு ஆமையை வாங்கியவர்களும் உண்டு.