ஹார்விபுரமும் ஓலைக்குடிசையும்: ஒரு தந்தை, ஒரு மகன், ஒரு நிலம்

'மனோன்மணீயம்' ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையைத் தமிழ்நாடு நன்கறியும். அவருடைய நாடகத்தின் பாயிரப் பகுதிதான் 1970 முதல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கிறது. திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய மகன் பி.எஸ். நடராஜ பிள்ளையைத் தமிழ்நாடு அறியாது. கேரளமும் அவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. பிறருக்காக உழைப்பவர் தம் நலத்திற்கும் தம் வீட்டாரின் நலத்திற்கும் எவ்வளவு இடம் ஒதுக்கலாம் என்ற கேள்விக்கு ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள், ஒரே நிலத்தை முன்வைத்து, இரு வேறு விடைகளை அளித்தன. அதனால் இருவரையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

1855இல் ஆலப்புழையில் பிறந்த சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் மெய்யியல் கற்பித்தவர். இடையில் சில ஆண்டுகள் அரண்மனையில் 'பிறவகைச் சிரஸ்தார்' என்னும் வருவாய்த்துறைப் பதவியில் இருந்தார். தம் ஆசிரியர் ராபர்ட் ஹார்வி ஊர் திரும்பியபின் அவருடைய பேராசிரியர் இடத்திற்கு வந்தார். பேரூர்க்கடையில் அவருக்கு வாய்த்த பெருநிலத்திற்கு அந்த ஆசிரியரின் பெயரையே சூட்டி 'ஹார்விபுரம்' என்றார். 1891இல் மனோன்மணீயம் அச்சேறியது. 1894இல் திருவிதாங்கூரின் பண்டை அரசர்களைப் பற்றிய ஆங்கில ஆய்வு வெளிவந்தது. திருஞானசம்பந்தரின் காலத்தைக் கல்வெட்டுச் சான்றுகளோடு ஆராய்ந்த கட்டுரையும் இக்காலத்ததே. ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளைப் படியெடுக்கப் பணம் வேண்டும், ஓய்வு வேண்டும், கடனில்லாத மனம் வேண்டும். ஹார்விபுரமும் அரசாங்கச் சம்பளமும் இவற்றை அவருக்கு அளித்தன. தமிழுக்கு அவர் செய்த தொண்டுக்கு இந்த நிலமும் ஒரு முதல் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் உடம்பு விஷயத்தில் அந்தக் கணக்கு சரிவரவில்லை. நீரிழிவால் நலிந்து 1897இல், 42ஆம் வயதில், அவர் மறைந்தார். மகனுக்கு அப்போது ஆறு வயது.

நடராஜ பிள்ளை அரசியலுக்குச் சென்றார். 1938 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானபோது பட்டம் தாணு பிள்ளையோடு முன்னணியில் நின்றார். பொறுப்பாட்சி வேண்டும் என்பது கோரிக்கை. எதிரே நின்றவர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். எதிரிகளைச் சிறையில் அடைப்பதோடு சி.பி. நிற்கவில்லை, அவர்களுடைய சொத்திலும் கை வைத்தார். அதே 1938இல் நேஷனல் குயிலோன் வங்கி மூடப்பட்டது, மலையாள மனோரமா அச்சகம் முத்திரையிடப்பட்டது. ஹார்விபுரம் பறிமுதலானதையும் இந்த வரிசையில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு போராளியைப் பணிய வைப்பதற்கு அவருடைய பிள்ளைகளின் கூரையைப் பிடுங்குவதைவிட எளிய வழி ஆட்சியாளர்களுக்கு எக்காலத்திலும் கிடைத்ததில்லை.

1947இல் சி.பி. வெளியேறினார். நடராஜ பிள்ளை இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். 1954 மார்ச்சில், திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் காங்கிரசின் ஆதரவோடு பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றபோது நிதியமைச்சரானார். அந்நாளிலும் அவர் பேரூர்க்கடையில் ஓலை வேய்ந்த வீட்டில்தான் குடியிருந்தார். பறிமுதலான நிலத்தைத் திருப்பித் தரும் பேச்சு எழுந்தபோது, பதவியில் இருந்துகொண்டு தம் சொத்தைத் தாமே மீட்டுக்கொள்வது முறையாகாது என மறுத்தார் என்பது திருவனந்தபுரத்தில் இன்றும் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கக்கனைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது பழகிய தொனியாகவே இருக்கும்.

அந்தத் தொனியில்தான் சிக்கலும் இருக்கிறது. எளிமையின் கதைகள் எப்போதும் தலைவரின் பக்கத்திலிருந்தே சொல்லப்படுகின்றன. ஓலைக்கூரை ஒழுகும் இரவில் பாத்திரம் வைத்தவர் யார், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு யார் யாரிடம் கேட்டார் என்பதற்கு வரலாற்றில் பக்கம் ஒதுக்கப்படுவதில்லை. துறவி தம் நலத்தை மட்டுமே துறக்கிறார். குடும்பஸ்தர் துறக்கும்போது தமக்கு உரிமையில்லாத சிலவற்றையும் சேர்த்தே துறக்கிறார். சுந்தரம் பிள்ளையின் நிலம் சட்டப்படி மகனுடையதாக இருந்திருக்கலாம். அதன் பயனில் மனைவிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

ஆயினும் நடராஜ பிள்ளையின் மறுப்பை வெறும் பிடிவாதம் என ஒதுக்கிவிட முடியாது. அதே 1954இல் அந்த அமைச்சரவை நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தது. அவற்றில் அவருடைய பங்கு பெரிது. குடியானவருக்கு நிலைத்த உரிமை, நில உடைமைக்கு உச்சவரம்பு என்று பேசும் ஒருவர், அதே சமயத்தில் பல ஏக்கர் நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தால் அந்த மசோதாக்களுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? அவருடைய வறுமை அங்கே தனிப்பட்ட நற்குணம் என்ற நிலையைத் தாண்டி ஓர் அரசியல் கருவியாகவே செயல்பட்டது. இந்தக் கோணத்தைப் புகழுரைகள் தொடுவதில்லை. அவருடைய எளிமையை வியந்து அத்தோடு முடித்துக்கொள்கின்றன. மசோதாக்கள் நிறைவேறுமுன் 1955 பிப்ரவரியில் அமைச்சரவை கவிழ்ந்தது. நில உச்சவரம்பு கேரளத்தில் முழுமையாக நடைமுறைக்கு வர 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தென் திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரிய போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது, உயிர்கள் பலியாயின. ராம் மனோகர் லோகியா தம் கட்சியின் முதலமைச்சரையே பதவி விலகச் சொன்னார். பட்டம் விலகவில்லை. மனோன்மணீயம் ஆசிரியரின் மகன் அந்த அமைச்சரவையின் நிதியமைச்சர். சொத்தைத் துறந்தவர் பதவியையும் அன்று துறந்திருக்கலாம் அல்லவா என்று குமரி மாவட்டத்துத் தமிழர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. தன்னலமறுப்பு ஒருவருடைய எல்லா முடிவுகளுக்கும் சான்றிதழாகிவிடாது. அவருடைய குடிசையைப் பேசும் கட்டுரைகள் இந்த நாளைத் தவிர்த்துச் செல்வது வரலாற்றெழுத்துக்கு நல்லதன்று.

1962இல் திருவனந்தபுரம் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நடராஜ பிள்ளை, 1966 ஜனவரியில் உறுப்பினராக இருக்கும்போதே காலமானார். பறிமுதலான நிலம் அரசின் கையில் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் அதிலிருந்து 11 ஏக்கருக்கும் மேற்பட்ட பகுதி சட்டக் கல்லூரி நடத்துவதற்காக லா அகாடமிக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. 1980களில் அரசு அதை உரிமையாகவே பதிந்துகொடுத்தது. 2017 தொடக்கத்தில் அக்கல்லூரி மாணவர் போராட்டத்தின்போது இந்த நிலத்தின் பழங்கதை மீண்டும் கிளம்பியது. பறிமுதல் செய்த நிலத்தை அரசு மீட்க வேண்டும் என்றார் வி.எஸ். அச்சுதானந்தன். முதலமைச்சர் பினராயி விஜயன் மறுத்தார். அந்த விவாதத்தில் நடராஜ பிள்ளை யாரோ ஒரு பிள்ளையாகக் குறிப்பிடப்பட்டபோது, அவர் யார் என்று கேரள நாளேடுகள் விளக்கி எழுத வேண்டியிருந்தது.

மகன் தமக்கு வேண்டாம் என்ற நிலம் பொதுவில் நிலைக்கவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தனிமனிதர் விட்டுக்கொடுப்பதைப் பொதுவுடைமையாகக் காத்துவைக்கும் ஏற்பாடு இல்லாதவிடத்து, அந்தத் துறவின் பயன் யாருக்குப் போய்ச் சேரும் என்பதைத் துறந்தவரால் தீர்மானிக்க இயலாது. தந்தை அதே நிலத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு நூல்களாக மாற்றினார் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பேரூர்க்கடையில் நடராஜ பிள்ளையின் நினைவாக ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதைப் பி.எஸ்.என்.எம். என்றே அழைக்கிறார்கள்.