முரண்களை இணக்கிய கிராசியன்

இத்தாலியின் பொலோஞா நகரில் 1140 ஆம் ஆண்டளவில் ஒரு பெருநூல் உருப்பெற்றது. அதனைத் தொகுத்த கிராசியன், அந்நகரில் திருச்சபைச் சட்டம் போதித்தவர். அவரது வாழ்வைப்பற்றி உறுதியாய்க் கூறத்தக்கது இதனினும் அதிகமில்லை. நூலே அவரது வரலாறாய் நிற்கிறது.

போப்பரசர்களின் ஆணைகளும், ஆயர் பேரவைகளின் விதிகளும் பல நூற்றாண்டுகளாகக் குவிந்து கிடந்தன. ஒன்று அனுமதித்ததை மற்றொன்று மறுத்தது. நீதி நாடி வந்தவன் எதனைப் பற்றுவான்? கிராசியன் ஏறத்தாழ 3,800 சான்றுகளைத் திரட்டினார். 'முரண்படும் விதிகளின் இணக்கம்' என்பதே நூலின் பெயர். 36 கற்பனை வழக்குகளை அமைத்து, வினா எழுப்பி, இருதரப்புச் சான்றுகளையும் வைத்து, இவ்விதி எக்காலத்திற்குரியது, எவ்விடத்திற்குரியது, பொதுவிதியா, விலக்கா என்று ஆய்ந்தார். சட்டக்கலை ஓதியோர்க்கு இம்முறை அயலானதன்று.

31 ஆம் வழக்கில் தந்தை பேசி முடித்த மணமகனை மகள் மறுக்கிறாள். சான்றுகளை நிறுத்தபின், பெண்ணை அவள் மனமின்றி எவனுக்கும் மணமுடித்தலாகாது என்று தீர்க்கிறார். பெற்றோர் சொல்லே சட்டமாயிருந்த காலத்தில் எழுந்த தீர்ப்பு இது! நூலின் உயிர் இங்கேதான் துடிக்கிறதென்பேன்.

இந்நூல் முதலில் சுருக்கமாய் இருந்து பின்னரே விரிக்கப்பட்டதென, 1990களில் ஆண்டர்ஸ் வின்ரோத் என்னும் அறிஞர் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு நிறுவினார். தனி மனிதரின் தொகுப்பேயாயினும், 1917 இல் வெளியான புதிய சட்டத்தொகுப்பு மறு ஆண்டில் நடைமுறைக்கு வரும்வரை கத்தோலிக்கச் சட்ட அறிஞர் இதனைக் கையாண்டனர்.