காற்றால் ஓடிய சங்கிலி ரம்பம்

சங்கிலி ரம்பம் என்றதும் பெட்ரோல் புகையும் காதைத் துளைக்கும் சத்தமும்தான் நினைவுக்கு வரும். அந்தக் குடும்பத்தில் என்ஜினே இல்லாத ஒரு பங்காளி உண்டு. கம்ப்ரசரிலிருந்து ரப்பர் குழாய் வழியாக வரும் காற்றில் ஓடியது அது. அப்படி ஒன்றை என் கையாலேயே எடைக்குப் போட்டவன் நான். அந்த உறுத்தலில்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

காற்றை அழுத்தி வேலை வாங்கும் வித்தை பழையது. இன்றைய பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ரயில் விட 1857-ல் வேலை தொடங்கினார்கள். முடிய 25 வருஷம் ஆகும் என்று கணக்கு. ஜெர்மைன் சோமெய்யே என்ற பொறியாளர் 1861 முதல் காற்றால் இயங்கும் துளைக்கருவிகளை இறக்கினார். 1871-ல் ரயிலே ஓடிவிட்டது. பாவம், திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் அவர் காலமாகிவிட்டார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவி வேலை செய்துவிட்டு வெளியே விடும் காற்று, சுரங்கத்தில் நிற்பவனுக்கு மூச்சுக்காற்றும் ஆயிற்று. நீராவி என்ஜினை உள்ளே கொண்டுபோயிருந்தால் ஆள் செத்திருப்பான்.

சங்கிலி ரம்பம் 1920-களில்தான் வியாபாரச் சரக்காக வந்தது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் செய்தது மின்சாரத்தில் ஓடியது. எடை 48 கிலோ, தூக்க இரண்டு பேர் வேண்டும். பிறகு பெட்ரோல் ரம்பம் வந்தது. அமெரிக்காவில் ரீட்-பிரென்டிஸ், மால் போன்ற கம்பெனிகள் பெட்ரோலோடு காற்றில் ஓடும் ரம்பமும் செய்தன. காற்று ரம்பத்தின் உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு உருளையில் நழுவும் தகடுகள். சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அளவில் வரும் காற்று அவற்றைத் தள்ள, உருளை சுற்றும், பல்சக்கரம் சங்கிலியை இழுக்கும். மரத்தில் சிக்கிக்கொண்டால் அப்படியே நின்றுவிடும். மின்மோட்டார் மாதிரி கருகாது. விடுவித்தால் மறுபடி ஓடும்.

இதை நன்றாகப் பயன்படுத்தியது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் படைதான். நிமிடத்துக்கு 105 கன அடி காற்று தரும் கம்ப்ரசரை லாரி மேல் ஏற்றிவிட்டார்கள். பாறை துளைக்க, ரோடு உடைக்க, மரத்தில் துளை போட, ரம்பம் ஓட்ட, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே லாரி. இன்னொரு வசதியும் இருந்தது. அந்தக் காலத்துப் பெட்ரோல் ரம்பத்தின் கார்புரேட்டரில் மிதவை இருக்கும். ரம்பத்தைச் சாய்த்தால் என்ஜின் அணைந்துவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓடும் பெட்ரோல் ரம்பம் 1940-களின் கடைசியில்தான் பரவியது. பாலத்துக்குக் கீழே மல்லாந்து நின்று தூணை வெட்டுகிறவனுக்குக் காற்று ரம்பம்தான் கைகொடுத்தது.

இனி என் கதை. அஸ்ஸாமில் லீடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்கு ரோடு போடும் வேலை 1942 டிசம்பரில் தொடங்கி, 1945-ல் முதல் லாரி வரிசை குன்மிங் போய்ச் சேர்ந்தது. போர் முடிந்ததும் ராணுவத்தின் மிச்சச் சாமான்கள் கல்கத்தாவில் டிஸ்போசல் ஏலத்துக்கு வந்தன. என் தாய்மாமா எடுத்த ஒரு லாட்டில் இந்த ரம்பம் வந்து மாட்டியது. காட்டுக் கான்டிராக்டர்கள் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. எங்கள் சமண ஆசார நூல்கள் சிலவற்றில் இல்லறத்தான் தவிர்க்க வேண்டிய தொழில்கள் என்று 15 சொல்லியிருக்கும்; காட்டை அழித்துப் பிழைப்பது அதில் ஒன்று. "அந்த மரத்துல எத்தனை பூச்சி புழு இருக்கும்? அந்தக் காசு நமக்கு வேணாம்டா" என்பார். விற்கவும் மாட்டார், தூக்கி எறியவும் மாட்டார். அவர் காலமான பிறகு 1987-ல் குடோனைக் காலி செய்தபோது, என்ஜின் இல்லாத ரம்பம் எதற்கு என்று காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன்.

நாலு வருஷம் கழித்து ஒருவர் கடைக்கு வந்தார். ஹூக்ளிக் கரையில் பழைய படித்துறை ஒன்றைப் பிரிக்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் மரத்தூண்களை அடியோடு அறுக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் முங்குகிறவர்கள் கண் தெரியாமல் கைரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்கிறார்களாம். "தண்ணிக்குள்ள ஓடுற ரம்பம் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று அடித்துச் சொல்லி அனுப்பிவிட்டேன். செத்த மரம் அறுக்கத்தானே, மாமா இருந்திருந்தால் சந்தோஷமாகவே கொடுத்திருப்பார்.

பிறகுதான் படித்தேன். தண்ணீருக்கடியில் தூண் அறுப்பது காற்று ரம்பத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று. என்ஜினுக்கு மூச்சு வேண்டும்; இதற்கோ மூச்சே மேலிருந்து வருகிறது. மின்சாரம் தாக்கும் பயமும் இல்லை. ஆனால் வெளிவரும் குமிழிகள் கண்ணை மறைக்கும் என்பதால் கழிவுக் காற்றை இன்னொரு குழாய் வழியாக அப்புறப்படுத்துவது உண்டு. கடலில் ஒவ்வொரு 33 அடி ஆழத்துக்கும் 14.7 பவுண்டு எதிரழுத்தம் கூடும்; ஆழம் போகப்போக ரம்பம் சோர்ந்துவிடும். அந்த ஆழங்களில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் கருவிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வேலை முடிந்து மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் விடாவிட்டால், உப்பு உள்ளே தகடுகளைத் தின்றுவிடும்.

அடுத்த இடம் நிலக்கரிச் சுரங்கம். மீத்தேன் கசியும் இடத்தில் பெட்ரோல் என்ஜின் ஓட்டுவது தற்கொலை. முட்டுக்கொடுக்கும் மரங்களை அங்கே அளவாக அறுக்கக் காற்று ரம்பம் ஏற்றது. சங்கிலி ஆணியில் பட்டால் பொறி பறக்கத்தான் செய்யும். அதனால் முழுக்க ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது.

காட்டில் மட்டும் இது தோற்றது. நூறு அடிக் குழாயை இழுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் எப்படி அலைவது? கம்ப்ரசருக்குக் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி வெறும் சூடாகவே போய்விடும். காற்றில் ஈரம் இருந்தால், விரியும்போது குளிர்ந்து வெளிவாயில் பனிக்கட்டி அடைக்கும். அதனால் வழியில் ஈரம் பிரிக்கும் ஒரு வடிகட்டியும் எண்ணெய் சொட்டும் ஒரு குப்பியும் வைப்பார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்து வளர்ந்த எங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் பல கருவிகள் செத்தது இந்த ஒரு அலட்சியத்தால்தான்.

இன்றும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் புதிய காற்று ரம்பங்கள் செய்கிறார்கள், துறைமுகத்துக்கும் சுரங்கத்துக்கும். பழையவை அருமையாகிவிட்டன. திக்பாய், லீடோ, டின்சுகியா பக்கம் இருக்கும் நம் அன்பர்கள் யார் வீட்டு ஷெட்டிலாவது நீளமான ரம்ப அலகு, பின்னால் கைப்பிடி அருகே குழாய் மாட்டும் முனை, பெட்ரோல் டேங்கும் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, இப்படி ஒன்று கிடந்தால் அதுதான். உடனே காற்றைக் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே மண்ணெண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.