நீலகிரி மலை நடைபாதைகள்

நீலகிரி மலை நடைபாதைகள் என்பவை, மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கூடுமிடத்தில் எழும் நீலகிரிப் பீடபூமியைக் கோவைச் சமவெளியோடும் மலபார்க் கடற்கரையோடும், மலைமேல் உள்ள ஊர்களை ஒன்றோடொன்றும் இணைத்துவந்த ஒற்றையடித் தடங்களும் கணவாய் வழிகளும் ஆகும். இன்று மலையேற்றத்துக்குப் பயன்படும் தடங்களில் பல பொழுதுபோக்குக்காக வெட்டப்பட்டவை அல்ல. மேய்ச்சலும் பண்டமாற்றும் வழிபாடும் வேட்டையும் படை நகர்வுமே அவற்றை உருவாக்கின.

அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இம்மலையின் மேற்கு விளிம்பான குந்தா மலைத்தொடரில் மோதிப் பெருமழையைக் கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மி.மீ.க்கும் மேல் மழை பதிவானது. இந்தப் பருவமழையைப் பெறும் மேட்டுநிலத்தில் பசும்புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் ஓடைகளை ஒட்டி வளரும் குட்டைமரக் காடுகளான சோலைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. புல்வெளியிலிருந்து சோலைக்குள் கால் வைத்ததும் வெளிச்சம் மங்கி, பாசி படர்ந்த மரங்களும் இலைமக்கும் அட்டைகளும் எதிர்ப்படுகின்றன. மேற்குச் சரிவில் இறங்க இறங்கச் சோலை மறைந்து உயரமான மழைக்காடு தொடங்குகிறது.

இம்மலையின் முதல் வழிகாட்டிகள் அங்கு வாழ்ந்த மக்களே. தோடரின் எருமைகள் பருவத்துக்கேற்ப மேய்ச்சல் நிலம் மாறிச் சென்ற தடங்களும், தோடர், கோத்தர், படகர், குறும்பர் ஆகியோர் நெய், இரும்புக் கருவி, தானியம், தேன் ஆகியவற்றை மாற்றிக்கொண்ட வழிகளுமே பிற்காலப் பாதைகளுக்கு அடிப்படையாயின. ஹெத்தையம்மன் திருவிழாக் காலத்தில் ஜெகதளா உள்ளிட்ட படகர் ஊர்களின் பக்தர்கள் வெள்ளாடை உடுத்தி, தடியேந்தி, வெறுங்காலுடன் ஊர் ஊராக நடக்கும் வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது.

ஐரோப்பியர் இம்மலையில் ஏறியதற்கான முதல் தெளிவான பதிவு, 1603இல் மலபாரிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார் ஃபெனிசியோவின் பயணமாகும். 1799இல் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனி வசமானபின், 1812இல் கீஸ், மக்மகோன் என்னும் அளவையாளர்களும், 1819இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவனும் மலையேறினர். சிறுமுகையிலிருந்து கோத்தகிரி நோக்கி 1820களின் தொடக்கத்தில் பாதை அமைக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் குன்னூர்க் கணவாய்ப் பாதை வந்தது. இவற்றைக் கண்டுபிடிப்புகளாக எழுதும் மரபு பொருத்தமற்றது. வந்தவர் ஒவ்வொருவரும் மலைமக்களின் தடங்களில்தான் ஏறினர்.

கடற்கரையை நோக்கிய பாதைகளில் முக்கியமானது சிஸ்பாரா கணவாய். மதராஸ் ஆளுநர் லஷிங்டனின் காலத்தில், 1830களின் தொடக்கத்தில், உதகையைக் கோழிக்கோட்டோடு இணைப்பதற்காக, வழி வெட்டும் படைப்பிரிவினரான பயனியர்கள் குந்தா உச்சியிலிருந்து செங்குத்தான மழைக்காட்டின் ஊடே இதை வெட்டினர். பம்பாயிலிருந்து கப்பலில் வருவோர் கோழிக்கோட்டில் இறங்கி மலையேற இது குறுக்குவழியாகும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் மழையும் காய்ச்சலும் அடர்ந்த கீழ்வளர்ச்சியும் பாதையைத் தொடர்ந்து மூடின. ஓராண்டு வெட்டாமல் விட்டாலும் குறிஞ்சிச் செடிகளும் கொடிகளும் தடத்தை விழுங்கின. பாதை கைவிடப்பட்டது. 1873இல் ரயில் மேட்டுப்பாளையத்தை எட்டியபின் மலைக்கு வருவோர் பெரும்பாலும் குன்னூர் வழியே ஏறினர். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் மலை ரயில் நீண்டபோது, நடைப்பயணத்தின் தேவையே குறைந்தது.

எஞ்சிய தடங்களை வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் பயன்படுத்தினர். 1877இல் தோன்றிய நீலகிரி வேட்டை விலங்குச் சங்கமும், 1879ஆம் ஆண்டின் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் வேட்டைக்கு வரம்பு கட்டின. வரையாடு அழியாமல் தப்பியதில் இந்த வரம்புக்குப் பங்குண்டு. இன்று அந்த ஆட்டின் முக்கிய வாழிடங்களுள் ஒன்றான முக்கூர்த்தி, 1982இல் சரணாலயமாகவும் 1990இல் 78.46 ச.கி.மீ. பரப்புள்ள தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. தோடர் நம்பிக்கையில் இறந்தோரின் உயிர் மறுவுலகம் செல்லும் வழியில் உள்ள முக்கூர்த்திச் சிகரமும் இதில் அடங்கும். சிஸ்பாராவுக்குக் கீழே கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு விரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை 2012இல் உலக மரபுச் சின்னமானபோது இப்பகுதியும் அதில் சேர்க்கப்பட்டது.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்தபின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் மாநில அரசு 40 தடங்களைத் திறந்தது; உதகையின் கெய்ர்ன் ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை, பாறை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற கரிக்கையூர் ஆகியவை அவற்றுள் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் மட்டுமே இத்தடங்களில் நடக்கலாம். சோலையும் புல்வெளியும் தாங்கும் அளவுக்கே கூட்டம் வர வேண்டும் என்பதால், இவ்விதிகளை நடப்போர் மீறாதிருப்பதும், வழிகாட்டும் பணியில் மலைமக்களுக்கே முதலிடம் தருவதும் அவசியம்.